குசினிக்குள் ஒரு வேம்பு

முதலில் மேலே பார்க்க வேண்டும் என்கிறார் அருளப்பு.
வாளை எடுக்க முன்னம், கயிற்றை அவிழ்க்க முன்னம்,
விலை பேச முன்னமும்.
குளவிக்கூடு, பட்ட கொப்பு, மின்சாரக் கம்பி.
மூன்றும் இருந்தன.

வயாவிளானில் எங்கள் வளவை விட்டபோது
தந்த கடிதத்தில் நிலம் துப்புரவு என்று எழுதியிருந்தது.
மரங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
கூரை போன வீட்டில், அடுப்புப் புகட்டுக்கு நேர் முன்னால்
இந்த வேம்பு.
காகம் போட்ட கொட்டை, இருபத்தேழு மாரி.
தகரக் கொட்டிலில் படுத்துக்கொண்டு
ஒவ்வொரு சோளகத்துக்கும் அது எந்தப் பக்கம் சரியும் என்று
கணக்குப் பார்ப்பேன்.
முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவளுக்கு
அந்தக் கணக்கு வரவில்லை.

முள்ளுக்கம்பி வேலியால் எட்டிப் பார்த்து
"வேம்பெல்லோ ரீச்சர், அம்மாள் கோவிப்பா" என்றா நாகேஸ்வரி.
கொட்டிலுக்கு மேல விழுந்தால் ஆர் கோவிக்கிறது என்றேன்.
பிறகு, அவவின் கோழிகளைப் பிடித்து அடைக்கச் சொன்னேன்.

மின்சாரசபைப் பெடியன் கம்பியைக் கழற்றிவிட்டு
"பின்னேரம் வாறன்" என்று போனான்.
பத்து மணிக்குக் காற்று எழும்பும், அதற்குள் முடிக்க வேண்டும்.
டிலக்சன் இடுப்புப் பட்டியோடு ஏறினான்.
குளவிக்கு முதல் நாள் இரவே புகை காட்டியாயிற்று.
கொட்டில் பக்கத்துக் கொப்புகள் முதலில்,
ஒவ்வொன்றும் கயிற்றில்,
கிணற்றுக்குள் வாளி விடுவது போல இறங்கின.

பிறகு அடி.
சுவர் இடிந்து குவிந்த கல்லை மட்டமாக்கி
அதன் மேல் நின்றார் அருளப்பு.
விழ வேண்டிய பக்கம் ஒரு வாய் வெட்டினார்.
"மற்றப் பக்கத்தால முழுக்க அறுக்கக் கூடாது, ரீச்சர்.
இரண்டு விரல் விட வேணும்.
அந்த இரண்டு விரல்தான்
மரத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைக்கும்."
எனக்கு ஒழுங்கை மதகடியில் இடம் காட்டினார்,
மரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி.
தனக்கு ஓட ஒரு வழி,
அது அடைபட்டால் இன்னொன்று,
சுள்ளிகூட இல்லாமல் கூட்டி வைத்திருந்தார்.

வாள் பாதியில் வீரிட்டது.
பொறி.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்து மரத்துக்குள் இரும்பு என்றால்
என்ன இரும்பு என்று கேட்பதில்லை.
இரண்டாயிரத்து ஒன்றில் பிறந்த டிலக்சன்கூட
இரண்டு அடி பின்னுக்குப் போனான்.

அருளப்பு உளியால் மெல்ல மெல்லக் கிண்டினார்.
சன்னம் இல்லை. ஷெல் துண்டும் இல்லை.
மரம் மூடி வளர்ந்த முறுக்குக் கம்பி,
அதோடு ஒட்டியபடி
பச்சைப் பிளாஸ்ரிக் கிளிப், பாதி.

கொடிக்கம்பி.
யாரோ ஒருவன் என் குசினிக்குள்
உடுப்புத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறான்.
கைவெட்டுப் பெனியன், சோடி தவறிய காலுறை.
மழை இருட்டினால் ஓடி வந்து எடுத்திருப்பான்.
கோபம் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.
நான் ஆயத்தமாக வைத்திருந்தது
சன்னத்துக்கு அளவெடுத்துத் தைத்த கோபம்.
கிளிப்புக்கு அது பெரிது.

"வேற சங்கிலி போட வேணும்,
ஆயிரத்தைந்நூறு கூட வரும்."
"போடுங்கோ."

இரண்டு விரல் மிஞ்சியபோது
நுனி ஒருதரம் அசைந்து நின்றது.
அருளப்பு வாளை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல்,
கூட்டி வைத்த வழியால் நடந்தார். ஓடவில்லை.
முருங்கைக்கும் கிணற்றுக்கட்டுக்கும் நடுவில்,
சொன்ன இடத்தில்
வேம்பு விழுந்தது.
நாகேஸ்வரியின் கோழிகள் கூட்டுக்குள் கத்தின.

அடிக்கட்டையைக் கிளப்ப வேண்டாம் என்றார்.
"மண்ணைப் பாத்தவை மேலாலதான் பாத்தவை.
வேர் எங்கெங்க போய் எதைப் பிடிச்சிருக்கோ.
கிடக்கட்டும், தானா உக்கும்."
எத்தனை வருஷம் என்றேன்.
காசை எண்ணிக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

பின்னேரம் வாறன் என்றவன்
அடுத்த நாளும் வரவில்லை.
தோய்த்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு
கொடி கட்ட
வளவைச் சுற்றி வந்தேன்.
முருங்கையை நம்ப ஏலாது.